செய்தி போயிருச்சுங்க

பேஜர் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம் என் குரல் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் காரணம் என் டைப்பிங். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேறு வேலை எதுவும் அமையாமல் ஹையர் வரைக்கும் டைப் படித்திருந்தேன். நேர்முகத் தேர்வுக்கு வந்த மற்றப் பெண்கள் என்னைவிட நல்ல ஆங்கிலம் பேசினார்கள். ஆனால் ஒருவர் போனில் தமிழில் பேசப் பேச, அதைக் கையோடு ஆங்கிலத்தில் சுருக்கி அடிக்க வேண்டும் என்றபோது இரண்டு பேர்தான் தேறினோம்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூருக்குச் செல்போன் இன்னும் சரியாக வந்து சேரவில்லை. பேஜர் என்றால் இப்போது பலருக்குத் தெரியாது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி, இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்வார்கள். அதில் பேச முடியாது, பதில் அனுப்பவும் முடியாது. வருவதைப் படிக்க மட்டும் முடியும். செய்தி அனுப்ப வேண்டியவர் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்து பேஜர் நெம்பரையும் விஷயத்தையும் சொல்வார். நாங்கள் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புவோம். ஊரில் எங்கேயோ ஓர் இடுப்பில் அது கூவும்.

போத்தனூரிலிருந்து காலையில் பஸ் பிடித்து வருவேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா பஸ் ஸ்டாப் வரை கூட வருவார். ஏசி ஹாலில் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு ஹெட்போன்கள். முதல் வாரம் முழுவதும் குளிரில் எனக்குத் தலைவலி. டாக்டர்கள், நூல் புரோக்கர்கள், பம்பு கம்பெனிக்காரர்கள், மில் இன்ஜினியர்கள் என்று எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவசரத்தில் இருப்பவர்கள். அவர்களை அழைப்பவர்கள் அப்படியல்ல. "ஏனுங்க, பெரியப்பா வந்திருக்காங்க, உங்களால முடிஞ்சா சித்த ஊட்டுப்பக்கம் வந்துட்டுப் போனீங்கன்னா நல்லாருக்கும்னு சொல்லுங்க" என்பார் ஒரு மனைவி. நான் 'பெரியப்பா கேம், கம் ஹோம்' என்று அடிப்பேன். அடித்ததைத் திரும்பப் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. படித்துக்காட்டினால் அந்தப் பக்கம் ஒரு தயக்கம் வரும். "இப்படி வெடுக்குனு இருக்குதுங்களே, கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்பார். இவ்வளவு எழுத்துக்குத்தான் இடம் இருக்குதுங்க என்று சொல்வேன். ஒரு நாளைக்கு எத்தனை 'ங்க'வை வெட்டி எறிந்தேன் என்று கணக்கில்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் கொடுமுடியிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து எஸ்டிடி பூத். பின்னால் பஸ்களின் இரைச்சல் கேட்டது.

"அம்மணி, என்ற பையனைச் சித்த கூப்பிடுங்க."

"பையன் இங்க இல்லீங்க. இது பேஜர் ஆபீசுங்க."

"இந்த நெம்பரைத்தான் எழுதிக் குடுத்துட்டுப் போனானுங்க. இதுல சொன்னா எங்கிருந்தாலும் தனக்குச் சேதி வந்துரும்னான். பம்பு கம்பெனில மெக்கானிக்கா இருக்கானுங்க. ரிப்பேருக்கு ஊரு ஊராப் போறவன்."

நான் விளக்கினேன். அவர் சொல்வதை நான் எழுத்தாக அனுப்புவேன், அது அவன் இடுப்பிலிருக்கும் பெட்டியில் விழும், அவன் படித்துக்கொள்வான்.

"அப்ப நீங்க அவனைப் பாக்க மாட்டீங்களா?"

"இல்லீங்க."

"பேசவும் மாட்டீங்களா?"

"இல்லீங்க."

"சரிங்க அம்மணி. அவங்கம்மாளுக்கு ஒடம்பு சொகமில்லீங்க. ஒரு பக்கம் கையைத் தூக்க முடியலீங்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணுமில்லைன்னும் சொல்லிப்போடுங்க. அவன் பயந்துக்குவான்."

நான் அடித்தேன்: 'மதர் நாட் வெல். கம் ஹோம். ஃபாதர்.' அவசரமில்லை என்பதற்கு இடம் இருந்தது. ஆனால் வரிசையில் அழைப்புகள் காத்திருந்தன. விட்டுவிட்டேன். பொத்தானை அமுக்கியதும் செய்தி அனுப்பப்பட்டதாகத் திரையில் வந்தது. "செய்தி போயிருச்சுங்க" என்றேன்.

மூன்று நாள் கழித்து மறுபடியும் பேசினார். வேறொரு பெண் எடுத்திருக்கிறாள். போத்தனூரு அம்மணிதான் வேணும் என்று கேட்டாராம். என் ஊர் அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். முதல் நாள் அவர் கேட்டு நானே சொல்லியிருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"என்ன சொன்னானுங்க?" என்றார்.

"அவுங்க பதில் சொல்ல முடியாதுங்க. படிக்க மட்டுந்தான் முடியும்."

"ஆனா சேந்துருக்குமில்ல?"

திரையில் வந்தது ஒன்றுதான் எனக்குத் தெரியும். "சேந்துருக்குங்க" என்றேன்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு தரம், மூன்று தரம் பேசினார். ஒவ்வொரு முறையும் சொல்வதற்கு நிறைய வைத்திருந்தார். ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, டாக்டர் சொன்னது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் அவள் பேசுவது புரியாமல் போனது, அவன் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்வது. நான் அதை எல்லாம் கேட்டுவிட்டு ஏழெட்டு வார்த்தை அடிப்பேன். படித்துக்காட்டும்போது எனக்கே கூச்சமாக இருக்கும். அவர் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. "நீங்க படிச்சவீங்க, எப்படிச் சொன்னா அவனுக்குப் புரியுமோ அப்படிச் சொல்லுங்க" என்பார்.

அந்தப் பையன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஏதோ டீக்கடையில் நின்றுகொண்டு, பெட்டி கூவியதும் குனிந்து பார்த்துவிட்டு, முகம் மாறாமல் டீயைக் குடிக்கும் ஒருவனை மனதில் வரைந்து வைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பெண்களிடம் சொல்வேன். பன்னிரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினோம். ஒருத்தி, "இவனையெல்லாம் பெத்ததுக்கு" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நான்காவது வாரம் ஒரு இளவட்டக் குரல் வந்தது. செய்தி அனுப்புவதற்கு அல்ல.

"மேடம், ஒரு கம்ப்ளெயிண்ட்டுங்க. எனக்கு அப்பா இல்லீங்க. நான் ஏழாவது படிக்கறப்பவே செத்துப்போயிட்டாரு. ஆனா என்ற பேஜர்ல ஃபாதர், ஃபாதர்னு மெசேஜ் வந்துட்டே இருக்குதுங்க."

நெம்பரைக் கேட்டேன். அவன் சொல்லி முடிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க எத்தனை நாளா இந்தப் பேஜரை வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு மாசமாச்சுங்க. கம்பெனி பேஜர். நான் மொதல்ல அசெம்பிளியில இருந்தேன். சர்வீசுக்கு மாத்தினப்ப குடுத்தாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "மொத மெசேஜ் வந்தன்னைக்கு என்ன பண்ணினேன் தெரியுங்களா. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லை, ஊட்டுக்கு வான்னு இருந்துச்சு. நான் உடுமலைங்க. கம்பெனி வண்டியையும் ஸ்பேனரையும் அப்படியே போட்டுட்டுப் பஸ் ஏறிட்டேன். பொள்ளாச்சி வரைக்கும் அழுதுட்டேதாங்க போனேன். போயிப் பாத்தா எங்கம்மா தேங்கா மட்டை உரிச்சுட்டு உக்காந்திருக்குது."

"ஃபாதர்னு இருந்துச்சுங்களே, நீங்க பாக்கலையா?"

"அந்த நேரத்துல அதெல்லாம் யாருங்க பாக்கறா. மாமன்தான் யாரையோ விட்டுச் சொல்லிருப்பாருன்னு நெனச்சேன். சொல்லாமப் போனதுக்கு மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்பறம் யாரோ வெளையாடறாங்கன்னு, வர வரப் படிக்காமயே அழிச்சுப்போட்டேனுங்க. நேத்துதான் ஒண்ணைப் படிச்சேன். அம்மா தெனமும் உன்னைக் கேக்கறாங்கன்னு இருந்துச்சு. அது வெளையாட்டு மாதிரித் தெரியலீங்க."

அந்த வரி நான் அடித்தது. அவசரமில்லை என்பதை விட்டதும் நான்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவனுக்குப் புரிந்திருக்காது.

சூப்பர்வைசர் மேடத்திடம் போய்ச் சொன்னேன். கெட்டவர் அல்ல. முழுவதையும் கேட்டார். "அவங்க ஒரு நெம்பர் சொன்னாங்க, அந்த நெம்பருக்கு நாம அனுப்பினோம். அதோட நம்ம வேலை முடிஞ்சுதும்மா" என்றார். பேஜர் எந்தக் கம்பெனி பெயரில் இருக்கிறது என்பதை வெளியாளிடம் சொல்லக்கூடாது என்றும் நினைவுபடுத்தினார். "பெரியவர் பேசினா, நெம்பர் மாறிடுச்சுன்னு மட்டும் சொல்லு."

கம்பெனி பெயர் என் திரையில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எதிரிலிருந்த பூத்துக்குப் போய் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். சர்வீஸ் மேனேஜர் எடுத்தார். பெரியவரின் மகன் பெயரைச் சொல்லி, சொந்தக்காரப் பெண் என்று பொய் சொன்னேன்.

"அந்தப் பையனா? நிறுத்திட்டமுங்களே."

"ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டாங்களா?"

"தப்பா? அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்ல வேலைக்காரன். முன்னெல்லாம் சர்வீஸ் ஆளுக காலைல வந்து சீட்டு வாங்கிட்டுப் பஸ்ஸுல போவாங்க. திரும்பி வந்தாத்தான் அடுத்த எடம் சொல்ல முடியும். எட்டுப் பேரு இருந்தாங்க. பேஜர் வந்த பொறவு, போன எடத்துல இருந்தே அடுத்த எடத்துக்குத் திருப்பி உட்டர்லாம். ஆனா அதுக்கு வண்டி ஓட்டற ஆளு வேணுமில்லீங்களா. பஸ்ஸுக்கு நிக்கறவன் கையில பேஜர் இருந்து என்ன பண்றது. மொதலாளி வண்டி ஓட்டற பசங்க நாலு பேரை உள்ளயிருந்து எடுத்துக்கிட்டு, பழைய எட்டுப் பேரையும் நிறுத்திட்டாருங்க. நான் சொல்லிப் பாத்தேன்." பிறகு, "ஊட்டுல சொல்லலீங்களா அவன்?" என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன்.

பூத்திலிருந்து வெளியே வந்தால் வெயிலில் கண் கூசியது. அந்தக் கம்பெனியின் செய்திகளை நான் தினமும் அடித்துக்கொண்டிருந்தேன். சிங்காநல்லூர் முடித்தால் சூலூர் போ, சூலூர் முடித்தால் இருகூர் போ. நாலு பேரை வைத்து எட்டுப் பேர் வேலையை நடத்தியதில் என் விரல்களும் இருந்தன. போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

இரண்டு நாளில் பெரியவர் பேசினார். நெம்பர் மாறிடுச்சு என்று சொல்லத்தான் தயாராக இருந்தேன். அவர் "அம்மணி" என்று ஆரம்பித்ததும் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பையன் அந்தக் கம்பெனியில் இப்போது இல்லை, நிறுத்திவிட்டார்கள், பெட்டி வேறொரு பையனிடம் இருக்கிறது.

ஒரு பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது.

"அப்ப இத்தனை நாளா யாருகிட்டங்க சொன்னீங்க, அம்மணி?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அந்தப் பையன்கிட்டங்க. எனக்குத் தெரியாமப் போச்சுங்க."

"அவன் என்ன நெனச்சானோ." பிறகு, "அவனுக்கு அம்மா இருக்காங்களா?" என்றார்.

"உடுமலையில இருக்காங்க. நல்லா இருக்காங்களாமுங்க."

"நல்லதுங்க." பூத்காரரிடம் பேப்பர் கேட்டு வாங்குவது காதில் விழுந்தது. "இனி நான் எந்த நெம்பருக்குச் சொல்லோணுங்க?"

என்னிடம் நெம்பர் இல்லை. திரையில் ஒரு கம்பெனி பெயர் இருந்தது. அங்கே மகன் இல்லை என்பதும் தெரியும். வேறு கொடுக்க எதுவும் இல்லாததால் குரலைத் தாழ்த்தி அதைச் சொன்னேன். அவர் பூத்காரரிடம் சொல்லி எழுதச் சொல்வது கேட்டது. இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். "வெச்சர்றனுங்க அம்மணி" என்றார்.

பிறகு அவர் பேசவில்லை. ஒவ்வொரு அழைப்பு வரும்போதும், அந்தப் பக்கம் பஸ் இரைச்சல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். கேட்காது. என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழியும் இல்லை. அவருடைய ஊர்கூடத் தெரியாது. கொடுமுடிக்குப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

தைப்பொங்கல் முடிந்து அந்த உடுமலைப் பையன் பேசினான். "மெசேஜ் ஒண்ணுமில்லீங்க. உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு" என்றான். எங்கள் அழைப்புகளை மேடத்தால் கேட்க முடியும். அவர் என் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கம்பெனி பெயரைச் சொன்ன மறுநாளே பெரியவர் கம்பெனி வாசலுக்கு வந்திருக்கிறார். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. வேலை முடிந்து வெளியே வந்த இந்தப் பையன், அவர் யாரென்று தெரிந்ததும் டீக்கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறான். பேஜரைக் கழற்றிக் காட்டியிருக்கிறான். அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"நான் சொன்னதெல்லாம் இதுல இருக்குதான்னு கேட்டாருங்க. படிச்சுக் காட்டச் சொன்னாரு. நான்தான் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டனே. அதை எப்படிங்க அவருகிட்டச் சொல்றது?"

"என்ன சொன்னீங்க?"

"தானா அழிஞ்சுருமுங்கன்னு சொன்னேன்."

அதன் பிறகு அவன் ரிப்பேருக்குப் போகும் இடமெல்லாம் அந்த எட்டுப் பேரைப் பற்றி விசாரித்திருக்கிறான். அவர்களில் ஒருவர் பீளமேட்டில் ஒரு பட்டறையில் இருந்தார். அவர் சொல்லித்தான் திருப்பூரில் ஏதோ ஒரு சாயப்பட்டறை என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஒவ்வொரு சாயப்பட்டறையாகத் தேடி, மூன்றாவது ஞாயிறு கண்டுபிடித்திருக்கிறான். ஒரு சாயப்பட்டறையின் மோட்டார் ரூமில் பெரியவரின் மகன் கை முழுக்க நீலமாக நின்றிருந்தானாம். வேலை போனதை வீட்டில் சொல்ல வெட்கம். கம்பெனி மெக்கானிக் என்று ஊரில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்கள். நல்ல இடமாகக் கிடைத்ததும் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தானாம்.

"அப்பறம் ஊருக்குப் போனாங்களா?"

"நான்தாங்க வண்டியில உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். ஆனா நாங்க போறதுக்கு ஒம்பது நாள் முந்தியே அந்தம்மா போய்ச் சேந்துட்டாங்க. பங்காளி பையன்தான் கொள்ளி வெச்சிருக்கான்."

ஹாலில் எல்லாப் பெண்களும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"அப்பா என்ன சொன்னாருங்க?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க. நான் வண்டியை ரோட்டுலயே நிறுத்திட்டு, அவன் உள்ள போனதும் திரும்பி வந்துட்டேன். எனக்கு அங்க நிக்க முடியலை." அடுத்த அழைப்பு காத்திருக்கிறது என்ற பீப் சத்தம் இடையில் வந்தது. "வேலை இருக்குமுங்க உங்களுக்கு. வெச்சர்றேன்" என்றான்.

நான் அந்த வேலையில் மேலும் இரண்டு வருடம் இருந்தேன். வேறு வழியில்லை. அப்பாவின் பென்ஷனோடு என் சம்பளமும் சேர்ந்தால்தான் வீடு நடந்தது. செய்திகளில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சேர்க்க முடிந்தால் சேர்த்தேன். வேகம் குறைகிறது என்று மேடம் இரண்டு முறை கூப்பிட்டுச் சொன்னார். பிறகு செல்போன்கள் வந்தன. முதலில் டாக்டர்கள் போனார்கள், அப்புறம் நூல் புரோக்கர்கள். மில்காரர்கள் ஒவ்வொருவராகப் பேஜரைத் திருப்பிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாற்காலி ஏழாயிற்று, ஏழு நான்காயிற்று. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம். குளிர் மட்டும் குறையவில்லை. ஒரு மாதக் கடைசியில் என்னையும் இன்னொருத்தியையும் அழைத்து, மேடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அடுத்த மாதம் அவருக்கும் அதே கடிதம் வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

கம்ப்யூட்டரில் வேகமாக அடிப்பேன் என்பதால் ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒரு மில்லில் உடனே வேலை கிடைத்தது. தொழிலாளர்களின் வருகைப் பதிவை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். டைம் ஆபீசில் அந்த நோட்டுகளை இருபது வருடத்துக்கு மேலாக எழுதிவந்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய மேஜைக்குப் பக்கத்திலேயே எனக்கு மேஜை போட்டார்கள். அவர் ஒவ்வொரு பெயராகப் படிக்க, நான் அடிக்க வேண்டும். எல்லாப் பெயரும் ஏறி முடிந்த பிறகு அவர் என்ன செய்வார் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முதல் நாள் காலையில் எனக்கு ஒரு டீ வரவழைத்தார். அது ஆறுவதற்குள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் நோட்டைப் பிரித்து, "ஆரம்பிக்கலாமுங்களா, அம்மணி?" என்றார்.

நான் தலையாட்டினேன்.